சாண்டா கிளாரா கவுன்ட்டிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? டிபி படிவத்திலிருந்து தொடங்குவோம்

கலிஃபோர்னியாவில் சன்னிவேலிலோ சான் ஹோசேயிலோ வீடு பிடித்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போதுதான் 'கவுன்ட்டி' என்ற சொல்லே நம் காதில் விழும். நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி விவரத்தோடு, டாக்டர் கையெழுத்திட்ட டிபி (காசநோய்) படிவமும் கேட்பார்கள். நம் ஊரிலிருந்து வந்ததால் சந்தேகப்படுகிறார்களோ என்று எனக்குச் சுருக்கென்றது. அப்படியில்லை. இந்தக் கவுன்ட்டியில் முதன்முறையாகப் பள்ளியில் சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே படிவம்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள். கையில் தோலுக்கடியில் மருந்து ஏற்றி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் பரிசோதனையில், கிருமி இல்லாவிட்டாலும் பிசிஜியால் தடிப்பு வரலாம். என் மகளுக்கு வந்தது. நர்ஸ் அவள் கையை நீட்டச் சொல்லி, விரலால் தடவித் தடவித் தடிப்பின் ஓரத்தைக் கண்டுபிடித்து, சின்ன ஸ்கேலை வைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அதனால் பிசிஜி போட்டதைச் சொல்லி, முதலிலேயே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஒருவேளை உடம்பில் கிருமி உறங்கிக் கிடப்பது தெரிந்தால் மறைக்க வேண்டாம். அந்த நிலையில் அது யாருக்கும் ஒட்டாது. பெரும்பாலும் மூன்று நான்கு மாத மாத்திரையில் முடிந்துவிடும். ரிஃபாம்பின் என்ற மாத்திரை கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பதறாதீர்கள்.

மக்கள் உடல்நலத்தில் கவுன்ட்டிக்கு இருக்கும் இந்த அக்கறை நேற்று வந்ததல்ல. இங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1876-இல், கவுன்ட்டி ஆஸ்பத்திரி தொடங்கிவிட்டது. இன்று பாஸ்கம் அவென்யூவில் இருக்கும் வேலி மெடிக்கல் சென்டர் அதன் வாரிசு. கதியற்றவர்களைத் தாங்குவது கவுன்ட்டியின் கடமை என்று கலிஃபோர்னியா சட்டமே சொல்கிறது. 1889-இல் தொடங்கிய ஓ'கானர் ஆஸ்பத்திரி, அதை நடத்திய நிறுவனம் திவாலானபோது மூடும் நிலைக்கு வந்தது. 2019-இல் கவுன்ட்டியே வாங்கி நடத்தத் தொடங்கியது. 2025-இல் ரீஜனல் மெடிக்கல் சென்டரையும் வாங்கியது. இதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

இங்கே கவுன்ட்டியின் ஹெல்த் ஆபீசருக்கு, அதாவது பொது சுகாதார அதிகாரிக்கு, சட்டப்படி அதிகாரமும் உண்டு. கொரோனா பரவியபோது, 2020 மார்ச் 16 அன்று, அப்போது இங்கே ஹெல்த் ஆபீசராக இருந்த டாக்டர் சாரா கோடி உள்ளிட்ட சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி அதிகாரிகள் எல்லாரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். மாநில உத்தரவு வந்தது மூன்று நாள் கழித்துத்தான். பிள்ளைகளோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தது கஷ்டம்தான். ஆனாலும் அந்த உத்தரவை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

ஹோட்டலுக்குப் போனால் வாசலில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். பச்சை என்றால் சோதனையில் தேறியது, மஞ்சள் என்றால் குறை கண்டிருக்கிறார்கள், சிவப்பு என்றால் மூடிவிட்டார்கள். இங்கே குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்றிதழையும் கவுன்ட்டியிடமே வாங்கலாம். பாஸ்போர்ட்டுக்கும் பிறகு ஓசிஐ எனும் இந்திய வம்சாவளி அட்டைக்கும் தேவைப்படும் என்பதால், இரண்டு பிரதியாகவே வாங்கி வையுங்கள்.