ஷிப்ட் நேரத்தை மாற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டச் சொன்னார்கள். நாளை முதல் வேலை எட்டரைக்குப் பதிலாக எட்டு மணிக்குத் தொடங்கும். காலையில் அரை மணி நேரம் வீணாகிறதாம், அதற்காக. மறுநாள் எட்டு மணிக்கு என் லைனில் பாதி மெஷின்கள் ஓடவில்லை. பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு வருகிற அம்மாக்கள் எட்டரைக்குத்தான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். வந்த பாதிப் பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். துணி வெட்டுகிற கட்டிங் பிரிவிலிருந்து துணியே வரவில்லை.

முதல் தவறு அதுதான்: பிரச்சினை எது என்று பார்க்காமலே தீர்வைக் கையில் எடுத்துக்கொள்வது. அரை மணி வீணானது உண்மை. ஆனால் டெய்லர்கள் தாமதமாக வந்ததால் வீணாகவில்லை, முதல் கட்டு துணி ஒன்பது மணிக்கு வந்ததால் வீணானது. லைன் பக்கம் இரண்டு நாள் காலையில் போய் நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்தது, முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பது. எல்லோரையும் நிற்க வைத்து “சம்மதம்தானே?” என்றால் யார் இல்லை என்பார்கள்? டீ நேரத்தில் இரண்டு மூன்று பேராகப் பிரித்து, “எட்டு மணிக்கு வர என்னம்மா சிரமம்?” என்று கேளுங்கள். பஸ், பிள்ளை, தண்ணி வரும் நேரம் என்று எல்லாம் வெளியே வரும்.

அரசே இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 12 மணி நேர வேலைக்கு வழி செய்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

சட்டத்தை மறப்பது இன்னொரு தவறு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், வேலை நேரம் போன்றவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு கேட்டது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். அதைச் சம்பிரதாயமாகக் கழிக்காதீர்கள். பேசுவதற்கும் வேறு வழிகளை எடைபோடுவதற்கும் கிடைத்த நாட்கள் அவை.

அப்புறம், கெடு வைக்காமல் சோதனை என்று தொடங்குவது. எத்தனை வாரம், எதை எண்ணப் போகிறோம், சரிவராவிட்டால் பழைய நேரத்துக்குத் திரும்ப யார் சொல்வது? மூன்றையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

எங்கள் கதையில், நான்காம் நாள் அந்தத் தாளைக் கிழித்தோம். கட்டிங்கில் நாலு பேர் எட்டு மணிக்கு வந்து, மாலையில் அரை மணி முன்னதாகக் கிளம்ப ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வாரம் பார்ப்போம் என்று நாளைக் குறித்துக்கொண்டு, எட்டரைக்கு ஓடும் மெஷின்களைத் தினமும் நோட்டில் எழுதினேன். இரண்டாவது வாரம் எல்லா மெஷினும் ஓடியது. அந்த யோசனையைச் சொன்னது கட்டிங் மேஜையில் வேலை பார்த்த ஒரு அண்ணன். அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.