வரைபடத்தில் சிவப்புப் புள்ளி: எரிவது நம் மலையா, பக்கத்து மலையா?

இலங்கையின் ஊவாப் பக்கம் ஜூலை பிறந்தால் மழை நின்று காற்று பிடித்துக்கொள்ளும். செப்டெம்பர் வரை அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல சரிவுகளில் மானாப்புல் வைக்கோலாய்க் காய்ந்து கிடக்கும். ஒரு நாள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் காயப்போட்ட துணியில் கருஞ்சாம்பல் வந்து விழும். எந்த மலை எரிகிறது என்று முகடு மறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கையிலுள்ள தொலைபேசியே உதவும். ஆனால் செய்மதிப் படத்தைத் தவறாகப் படித்தால் வீண் பீதியோ, வீண் நிம்மதியோதான் மிஞ்சும். ஆகவே நிதானமாகப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 1: வரைபடத்தைத் திறத்தல்

நாசா நடத்தும் 'ஃபர்ம்ஸ்' என்ற தீ வரைபடத்தைத் தேடித் திறவுங்கள். செய்மதி வெப்பம் கண்ட இடங்களை அது சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும். பார்ப்பதற்குக் கட்டணமில்லை, பதிவும் தேவையில்லை. இலங்கைக்கு நகர்த்தி, உங்கள் ஊர்ப் பெயர் தெரியும்வரை பெரிதாக்குங்கள். காலத்தைக் கடந்த 24 மணி நேரம் என்று வையுங்கள். செய்மதியிலிருந்து வெப்பத்தைக் காணும் கருவிகளில் 'வியர்ஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். சுவோமி, நோவா-20, நோவா-21 ஆகிய மூன்று செய்மதிகளில் அது இருக்கிறது. பழைய 'மோடிஸ்' கருவியின் ஒரு கட்டம், அதாவது அது பிரித்துக் காணும் மிகச் சிறிய சதுரம், 1 கிலோமீற்றர் அகலம். வியர்ஸின் கட்டம் 375 மீற்றர்தான். மடிப்பு மடிப்பான நம் மலைகளுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரிது.

படி 2: புள்ளியைத் தொட்டுப் படித்தல்

தொட்டதும் ஒரு பெட்டி விரியும். முதலில் நேரத்தைப் பாருங்கள். அது உலகப் பொது நேரத்தில் (UTC) இருந்தால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 20:15 என்று இருந்தால் நமக்கு அது மறுநாள் அதிகாலை 1:45. திகதியே மாறிவிடுவதால் 'இது நேற்றைய தீ' என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து நம்பகத்தன்மை: குறைவு, சாதாரணம், உயர்வு என்று மூன்று நிலைகள். பகல் நேரத்தில் 'குறைவு' என்று வரும் புள்ளிக்கு நீர்ப்பரப்பிலோ தகரக் கூரையிலோ பட்டுத் தெறித்த வெயில்கூடக் காரணமாகலாம். மெகாவாட்டில் தரப்படும் எண் தீயின் வெப்ப வீச்சு. எண் பெரிதானால் அந்தக் கணத்தில் தீ மூர்க்கமாக எரிந்தது என்று பொருள். எத்தனை ஏக்கர் எரிந்தது என்பதை அது சொல்லாது.

படி 3: புள்ளியைச் சதுரமாக்குதல்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். புள்ளி நிற்கும் இடத்தில் தீ இருக்கிறது என்று எண்ணாதீர்கள். 375 மீற்றர் சதுரம் ஒன்றின் நடுவில் அடித்த அடையாளம்தான் அது. அந்தச் சதுரம் ஏறத்தாழ 35 ஏக்கர். தீ அதற்குள் எங்கோ ஒரு மூலையில் இருக்கலாம். செய்மதி சாய்வாகப் பார்க்கும்போது கட்டம் இன்னும் பெரிதாகும்.

ஒருமுறை எங்கள் தோட்டத்து ஆறாம் நம்பர் தேயிலை மலையின் நட்டநடுவில் புள்ளி விழுந்ததைப் பார்த்துப் பதறிப்போய்க் கங்காணி ஐயாவிடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பச்சைத் தேயிலை இப்படித் தானாக எரியாது தம்பி, ஓடைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்ப்போம்" என்றார். ஏறிப் பார்த்தோம். ஓடைக்கு அப்பால் பைனஸ் காட்டில், ஊசி இலைச் சருகு முழங்கால் உயரத்துக்குச் சுடர்விட்டு ஊர்ந்துகொண்டிருந்தது. தேயிலையில் ஓர் இலைகூடக் கருகவில்லை. அன்றிலிருந்து, புள்ளியைச் சுற்றி மனதில் சதுரம் போட்டு, அதற்குள் எரியக்கூடியது எது என்று தேடுகிறேன்: மானாவா, பைனஸா, யூக்கலிப்டஸா? வரைபடத்தின் பின்னணியைச் செய்மதிப் படமாக மாற்றினால் தேயிலை நிரைகளும் காடும் பிரிந்து தெரியும்.

படி 4: புள்ளி இல்லாததைப் படித்தல்

இந்தச் செய்மதிகள் நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவு ஒன்றரை மணியை ஒட்டியும்தான். மாலை நான்கு மணிக்குப் பற்றிய மானாத் தீ ஏழு மணிக்குள் சரிவையே மேய்ந்துவிட்டு அணைந்துபோகும். இந்தச் செய்மதிகளில் எதுவும் அதைக் காணாது. அடர்ந்த முகில் மூடினாலும் அப்படியே. தரவு வந்து சேரவும் மூன்று மணி நேரம்வரை ஆகலாம். வரைபடம் வெறுமையாக இருக்கிறது என்று காவலைத் தளர்த்திவிடாதீர்கள். புகை மணத்தால் மணம்தான் சாட்சி.

படி 5: புகையா, பனிமூட்டமா?

இதற்கு நாசாவின் 'வேர்ல்ட்வியூ' என்ற செய்மதிப் படத் தளம் வேண்டும். இயற்கை நிறப் படத்தில் முகில் பளிச்சென்ற வெண்மை. புகை நீலம் கலந்த சாம்பல் நிறம். புகைக்கு ஒரு வேர் உண்டு: ஓரிடத்தில் ஒடுங்கித் தொடங்கி, காற்றுப் போகும் திசையில் விரியும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அதன் வால் கிழக்கு, வடகிழக்குப் பக்கம் நீள வேண்டும். காலைப் பனிமூட்டமோ பள்ளத்தாக்குகளில் கிளை கிளையாகப் படுத்திருக்கும், பிற்பகல் படத்தில் கரைந்துவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் 7-2-1 என்ற நிறக்கலவைக்கு மாற்றுங்கள். மெல்லிய புகை அதில் ஏறத்தாழ மறைந்துபோகும், முகில் மறையாது. எரிந்த நிலம் அதில் செம்பழுப்பாகத் தெரியும். மறுநடுகைக்காகத் தேயிலை பிடுங்கிய வெற்றுமண்ணும் கிட்டத்தட்ட அதே நிறத்தில் தெரியக்கூடும் என்பதால், தீக்கு முந்திய வாரப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

ஆண்டின் தொடக்க மாதங்களில் தீவு முழுவதும் சாம்பல் படலம் பரவியிருந்தால் நம் காடுகளைக் குற்றம் சொல்ல வேண்டாம். வடகீழ்ப் பருவக்காற்று இந்தியத் துணைக்கண்டத்து மாசைக் கொண்டுவரும் காலம் அது. சிறு புல்தீயின் புகையோ இந்தப் படங்களில் பெரும்பாலும் தெரியாது.

படி 6: தகவல் சொல்லுதல்

புள்ளியும் மணமும் ஒத்துப்போனால் கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் சொல்லுங்கள். அகலாங்கு, நெட்டாங்கு எண்களை மட்டும் வாசிக்காமல், தோட்டத்தின் பெயர், பிரிவு, எத்தனையாம் நம்பர் மலைக்கு மேலே, எந்த ஓடைக்கு அப்பால், காற்று எந்த லயத்தை நோக்கி வீசுகிறது என்று வரிசையாகச் சொல்லுங்கள்.