மரபணுப் பரிசோதனை: ஆய்வகத்துக்கு வெளியே நேரும் தவறுகள்

பல மருத்துவமனைகளின் ரத்த மாதிரிகள் ஒரே மரபணுப் பிரிவுக்கு வந்து சேரும் வட்டாரச் சுகாதார அமைப்புகளில், மாதிரியை அனுப்பும்போதும் அறிக்கையைப் படிக்கும்போதும் நேரும் பிழைகளே குடும்பங்களை அதிகம் அலைக்கழிக்கின்றன.

யாரை முதலில் பரிசோதிப்பது என்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. தாய்க்கும் சித்திக்கும் இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருக்க, நோயில்லாத மகளின் ரத்தத்தை மட்டும் அனுப்பினால், 'திரிபு இல்லை', அதாவது மரபணுவில் மாற்றம் இல்லை, என்னும் முடிவுக்குத் தெளிவான பொருள் கிடைக்காது. குடும்பத்தின் திரிபு மகளுக்கு வராமல் போயிருக்கலாம், அல்லது பரிசோதித்த மரபணுக்களில் அது இல்லாமலே இருக்கலாம். முதலில் தாயைப் பரிசோதித்து, மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1 மரபணுவில் நோயுண்டாக்கும் திரிபு உறுதியானால், அதே திரிபை மகளிடம் தேடிச் சொல்லும் 'இல்லை' நம்பத்தக்கது.

அடுத்தது, 'முக்கியத்துவம் உறுதியாகாத திரிபு' என்ற வரியை நோயின் பெயராகவே படித்துவிடுவது. 2015-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் திரிபுகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. நோயுண்டாக்குமா, தீங்கற்றதா என்று தெரியாத இது அவற்றின் நடுவில் நிற்கும் வகை. இதை மட்டும் நம்பி அறுவை சிகிச்சையை முடிவு செய்வதும், உறவினர் அனைவரையும் பரிசோதனைக்கு வரச் சொல்வதும் முறையல்ல. உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவே மிகுந்திருப்பதால், பிறருக்கு இந்த வரி கூடுதலாக வருகிறது என்பதையும் மருத்துவர் நினைவில் கொள்ள வேண்டும்.

மரபணுக்களில் புரதத்துக்கான குறிப்புள்ள பகுதிகளை வாசிக்கும் எக்ஸோம் பரிசோதனை எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்ற நம்பிக்கையும் பிழையே. அது மரபுத்தொகுதியில், அதாவது முழு டிஎன்ஏவில், ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காட்டை மட்டுமே வாசிக்கிறது. அறிவுத்திறன் குறைபாட்டை உண்டாக்கும் ஃப்ராஜைல் எக்ஸ் என்னும் மரபு நோய்க்குக் காரணமான மீள்தொடர் நீட்சி (டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டு அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவது) அதில் பொதுவாகப் புலப்படாது. விண்ணப்பத்தில் 'வளர்ச்சிக் குறைபாடு' என்று இரண்டே சொற்களை எழுதி அனுப்பினால், எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத்தான் எப்படித் தெரியும்?

ரத்தம் எடுக்கும் குழாயையும் கவனிக்க வேண்டும்; ஈடிடிஏ, ஹெப்பாரின் இரண்டும் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்கள். டிஎன்ஏ பரிசோதனைக்கு வழக்கமாக ஊதா மூடி கொண்ட ஈடிடிஏ குழாய். குரோமோசோம் பரிசோதனைக்குப் பச்சை மூடி கொண்ட ஹெப்பாரின் குழாய். பின்னதில் செல்கள் உயிரோடு வளர வேண்டும் என்பதால் மாதிரியைக் குளிரில் உறையவைக்கக் கூடாது.

ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்தில் கிடைத்த முடிவைக் கொண்டு நேரே சிகிச்சையைத் தொடங்குவதும் தவறு. புதிய மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உறுதி செய்த பின்னரே அது மருத்துவக் கோப்பில் ஏற வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கைபேசி எண்ணை மட்டும் எழுதாமல், மாற்று உறவினர் ஒருவரின் விவரத்தையும் சேர்ப்பது நல்லது. சில ஆண்டுகள் கழித்து அதே திரிபு வேறு வகையில் சேர்க்கப்படும்போது, எண் மாறிப்போன குடும்பத்தின் திருத்திய அறிக்கை கோப்பிலேயே கிடந்துவிடுகிறது.