ஆட்டோகிளேவ் கதவை மூடும் முன்னும் பின்னும்: அறுவைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் முறை

ஆட்டோகிளேவ் என்பது அழுத்தமேற்றிய நீராவியால் கிருமியைக் கொல்லும் இயந்திரம். ரத்தம் காய்ந்து ஒட்டிய கருவியை எந்த ஆட்டோகிளேவும் காப்பாற்றாது. அந்தப் பொருக்குக்கு அடியில் நீராவி எட்டாது. எட்டாத இடத்தில் கிருமி சாகாது. அதனால் சிகிச்சை முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். கருவிகளை ஈரத்துணியால் மூடியோ என்சைம் கரைசலில் மூழ்கவைத்தோ கழுவும் அறைக்குக் கொண்டுபோங்கள். சலைனில் ஊறப்போட வேண்டாம். அதிலுள்ள உப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குழிகுழியாக அரிக்கும், ப்ளீச்சும் அப்படித்தான். முதல் அலசலுக்கு வெந்நீர் கூடாது. சூட்டில் ரத்தப் புரதம் உறைந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

தடித்த கையுறை, கண்ணாடி, ஏப்ரன் போட்டுக்கொண்டு கழுவுங்கள். பிரஷ் தண்ணீருக்குள்ளேயே ஓட வேண்டும், இல்லையென்றால் துளிகள் முகத்தில் தெறிக்கும். கத்தரி, ஃபோர்செப்ஸ் எல்லாவற்றையும் விரித்து, கழற்றக்கூடியதைக் கழற்றித் தேயுங்கள். அழுக்கு தங்குவது மூட்டிலும் பல்வரிசையிலும்தான். குழாய் வடிவக் கருவிக்கு அதன் துளைக்குப் பொருந்தும் பிரஷ் வேண்டும். ஒல்லியான பிரஷ் உள்சுவரைத் தொடாமலே வந்துவிடும். கடைசி அலசல் உப்பில்லாத நீரில். நன்றாக உலர்த்தி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். கறை தெரிந்தால் மறுபடி கழுவ வேண்டியதுதான். மூட்டுக்கு எண்ணெய் விடுவதானால் நீரில் கரையும் வகையை மட்டும் விடுங்கள். சாதாரண எண்ணெய்ப் படலத்தை நீராவி ஊடுருவாது.

விரித்த நிலையிலேயே பவுச்சில் (ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்கும் கொண்ட பை) போட்டு, உள்ளே நிறம் மாறிக் காட்டும் இண்டிகேட்டர் பட்டை ஒன்றையும் வையுங்கள். பவுச்சை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

அடுக்குவதில்தான் அதிகம் தவறுகிறோம். சேம்பரில், அதாவது இயந்திரத்தின் உள்ளறையில், காற்று மிஞ்சினால் பிரஷர் கேஜ் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே வெப்பம் 121 டிகிரியைத் தொட்டிருக்காது. காற்று வெளியேற வழி விட்டு அடுக்குங்கள். கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தால் காற்று அதில் குளம்போல் தேங்கும், ஆகவே சாய்த்து வையுங்கள். பவுச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல், ஒன்றின் காகிதப் பக்கம் அடுத்ததன் பிளாஸ்டிக் பக்கத்தைப் பார்க்கும்படி ஓரத்தில் நிறுத்துங்கள். சுவரில் எதுவும் உரசக் கூடாது.

சாதாரண ஆட்டோகிளேவில் பொதிந்த கருவிகளுக்கு 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். காற்றைப் பம்பால் உறிஞ்சி வெளியேற்றும் வாக்குவம் வகையில் 134 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம். சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, வெப்பம் அந்த அளவைத் தொட்ட பிறகே கணக்கு. கருவித் தயாரிப்பாளர் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பிறகு 20 முதல் 30 நிமிடம் உலரவிடுங்கள். இந்த நேரத்தைத் திருடாதீர்கள். நனைந்த காகிதத்தின் வழியே கிருமி எளிதாக உள்ளே நுழையும், அதனால் ஈரமான பொதியைக் கிருமிநீக்கம் ஆகாததாகவே கருத வேண்டும். சூடான பொதியைக் குளிர்ந்த உலோக மேசையில் வைத்தாலும் அடியில் நீர் கோக்கும்.

பொதியின் வெளியே ஒட்டும் இண்டிகேட்டர் டேப்பில் கோடு கறுத்தால் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். பொதி சூட்டைக் கண்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. உள்ளே வைத்த பட்டை கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். உண்மையான சோதனை ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் (சூட்டை மிகவும் தாங்கும் உறங்குநிலை வடிவம்) அடங்கிய குப்பிதான். குறைந்தது வாரம் ஒருமுறையும், உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட் உள்ள ஒவ்வொரு லோடிலும் அதை வையுங்கள். ஆட்டோகிளேவில் வைக்காத இன்னொரு குப்பியையும் கூடவே வளர்த்துப் பாருங்கள்; அதில் கிருமி வளராவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது. சோதனைக் குப்பியில் வளர்ச்சி தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்தி, கடைசியாகத் தேறிய சோதனைக்குப் பின் போன பொதிகளையெல்லாம் திரும்ப வாங்குங்கள். ஒவ்வொரு பொதியிலும் தேதியும் லோடு எண்ணும் எழுதுவது இதற்காகத்தான். வாக்குவம் வகைக்குத் தினமும் முதல் லோடுக்கு முன் காலி சேம்பரில் காற்று முழுதும் வெளியேறுகிறதா என்று பார்க்கும் போவி-டிக் சோதனையும் தேவை.

கொதிக்கவைப்பது மாற்றுவழி ஆகாது, ஸ்போர்கள் அதில் பிழைத்துவிடும்.

கிழிந்த, நனைந்த, தரையில் விழுந்த பவுச்சை அறுவை மேசைக்குக் கொண்டுபோகாமல் கழுவும் அறைக்கே திருப்பி அனுப்புங்கள்.