இலையைப் பார்த்து ஆளைப் புரிந்துகொள்ளுங்கள்: மெஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த சப்ளையருக்கு

முதலில் சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ஒருவர் மூன்றாம் முறை வந்தால் அவருக்கு ஒரு வரி. பெயர், ஊர் எல்லாம் வேண்டாம். "ஜன்னலோரம், ரசம் இரண்டு தடவை, ஊறுகாய் தொடமாட்டார்" என்றிருந்தால் போதும்.

இந்த விவரத்தை வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. இலை எடுக்கும்போது அதுவே சொல்லும். கூட்டு அப்படியே கிடந்தால் அன்றைக்கு உப்பு கூடியிருக்கலாம். மூன்று நாளும் கிடந்தால் அவருக்குக் கூட்டு ஆகாது. நான்காம் நாள் "கூட்டுக்குப் பதிலா பொரியல் கூட வைக்கட்டுமாண்ணே?" என்று கேளுங்கள். கேட்காமல் நீங்களே மாற்றி வைக்காதீர்கள். பழகிவிட்டாரே என்று உரிமை எடுத்துக்கொள்வதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

கூப்பிடும் முறை: ஐயா, அண்ணே, அக்கா என்றால் வம்பில்லை. காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீட்டுப் பெண்களை வயது பாராமல் ஆச்சி என்பார்கள். கூட வந்தவர்கள் அப்படி அழைப்பதைக் கேட்ட பிறகு நீங்களும் சொல்லலாம். வெளியூர்க்காரப் பெண்ணை ஆச்சி என்றால், தனக்கு வயதாகிவிட்டதாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

பரிமாறும் நேரம்: நுனி அவருக்கு இடப்பக்கம் இருக்கும்படி இலையைப் போடுங்கள். இலையில் இரண்டு பிடி சோறு மிச்சமிருக்கும்போதே சோற்றுப் பாத்திரத்தோடு பக்கத்தில் நில்லுங்கள். இலை காலியாகி, கை காய்ந்த பிறகு போனால் நாற்பது தடவை சிரித்தாலும் பயனில்லை.

அமாவாசை, சஷ்டி, கார்த்திகை, புரட்டாசிச் சனி நாட்களில் தினமும் சுக்கா சாப்பிடுபவர்கூட சைவத்துக்கு மாறியிருப்பார். "வழக்கம்போல சுக்காதானே?" என்று சத்தமாகக் கேட்காமல், "இன்னிக்கு என்ன வைக்கட்டும்?" என்று கேளுங்கள். கோழிக்குழம்புக் கரண்டி சாம்பார் வாளிக்குள் போகவே கூடாது. அதைப் பார்த்துவிட்டால் விரதக்காரர் மறுபடி வரமாட்டார். குடும்பத்தோடு வந்திருந்தால் நேற்று தின்றதைப் பற்றி மூச்சு விடாதீர்கள். வீட்டில் சொல்லாமல் வந்திருக்கலாம்!

சுக்கா தீர்ந்துவிட்டதா? இலை போடும் முன்பே சொல்லிவிடுங்கள். எப்போதும் ஒன்றரை மணிக்கு வருபவருக்கு ஒரு பிளேட் எடுத்து வைக்கலாம். எத்தனை மணி வரை வைத்திருப்பது என்று கல்லாவில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

குழம்பு கேட்கக் கேட்க ஊற்றலாம். கறித் துண்டுக்குக் கணக்கு உண்டு. பழக்கத்துக்காக ஒரு துண்டு சேர்த்து வைத்தால் மறுநாளும் எதிர்பார்ப்பார். வைக்காத சப்ளையர் கெட்டவராகிவிடுவார்.

சட்டையில் குழம்பு சிந்தினால் "என் தப்புதாண்ணே" என்று சொல்லி உடனே தண்ணீரும் துணியும் கொடுங்கள். கூட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்.

பத்து நாள் கழித்து வருபவரிடம் "எங்கண்ணே ஆளையே காணோம்?" என்று கேட்க வாய் துறுதுறுக்கும். ஆஸ்பத்திரியாக இருக்கலாம், துக்கமாக இருக்கலாம். "வாங்கண்ணே" என்று சொல்லி, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் தண்ணீர் வையுங்கள். சொல்ல வேண்டியதிருந்தால் அவரே சொல்வார்.