ஸ்பீக்கர் கோன்: வேலை தெரியாமல் செய்கிற தவறுகள்

பெட்டியிலிருந்து கழற்றிய வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரை, மேசைமேல் வைத்து, ஒயரைக் கொடுத்துப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதன் கூம்பு முகமான கோன் முன்னும் பின்னும் துடிப்பது கண்ணுக்கே தெரியும். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி மட்டும் காதுக்கு வராது. உடனே ‘ஸ்பீக்கர் போயிடுச்சு’ என்று ஓரங்கட்டி விடுவார்கள். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். அந்த கோனில் ஒரு குறையும் இருக்காது.

டயாஃப்ரம் என்று சொல்கிற இந்த கோனுக்கு ஒரே வேலை, காற்றைத் தள்ளுவது. அதன் கழுத்தில் ஒட்டியிருக்கும் ‘காயில்’ என்கிற கம்பிச் சுருள், காந்தத்தின் குறுகிய இடுக்குக்குள் நிற்கிறது. பாட்டின் மின்சாரம் திசை மாறி மாறிப் பாய, காயில் முன்னும் பின்னும் போகிறது, கோனும் கூடவே போகிறது. 1925-இல் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வெளியிட்ட அமைப்பு இது. இன்றைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அடிப்படையில் இதே வழியில்தான் ஓடுகின்றன.

கோன் முன்னே வரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை துடிக்கிற ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு கோனின் விளிம்பைச் சுற்றி வருவது பெரிய விஷயமே இல்லை. பின்பக்க அலை சுற்றி வந்து முன்பக்க அலையை அழித்துவிடுகிறது. பெட்டியின் முதல் வேலை அழகு இல்லை, இந்த இரண்டையும் பிரித்து வைப்பது. பெரிய அட்டையில் கோன் அளவுக்கு ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை அதன்மேல் ஒட்டிப் பிடியுங்கள். பேஸ் எட்டிப் பார்ப்பது உடனே கேட்கும்.

இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் மாறிப்போனாலும் இதே கதைதான். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. சத்தம் இருக்கும், அடி இருக்காது. சந்தேகம் வந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபரின் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் என்றால் கோன் வழக்கமாக வெளியே வரும். இரண்டும் ஒரே பக்கம் நகர வேண்டும், அவ்வளவுதான். உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

சரி, பேஸ் போதவில்லை என்று ஈக்வலைசரை ஏற்றுகிறோமே, அப்போது கோன் படுகிற பாட்டையும் யோசிக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸில் தருகிற அதே சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் தர, கோன் நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். அதோடு 6 டெசிபல் கூட்டினால் அந்தத் தூரமும் இரட்டிப்பாகிறது. சின்ன கோனுக்கு அவ்வளவு இடம் கிடையாது. ‘டக் டக்’ என்று கேட்டால் காயில் போய் இடிக்கிறது என்று அர்த்தம், கையோடு குறைத்துவிடுங்கள்.

‘சின்ன ஆம்ப்ளிஃபயர்தானே, ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகாது’ என்பதையும் நம்பாதீர்கள். சக்திக்கு மீறி முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. முழுக்கத் தட்டையான அலை, அதே உயரமுள்ள வளைந்த அலையைப்போல் இரு மடங்கு சக்தியைக் காயிலுக்குள் இறக்கும். அதில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. பெரும்பாலும் முதலில் கருகுவது ட்வீட்டரின் மெல்லிய காயில்.

அப்புறம், விரல். கோனை ஒரு பக்கமாக அமுக்கினால் காயில் சாய்ந்து உலோகத்தில் உரசும், நல்ல ஸ்பீக்கரிலும் ‘சர்’ரென்று கேட்கும். கடுமையாக அமுக்கினால் அந்த உரசல் நிரந்தரமாகிவிடலாம். பார்த்தே ஆக வேண்டுமென்றால், இரு கை விரல்களையும் நடுமூடியைச் சுற்றிச் சமமாகப் பரப்பி, மெல்லத் தள்ளி விடுங்கள். அப்போதும் உரசல் கேட்டால்தான் காயில் உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது. வூஃபரின் நடுமூடி சற்று ஒடுங்கியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம். ஊசியால் குத்தி இழுக்கிறேன் என்று இறங்கினால் இருப்பதும் கெடும்.