வெளிநாட்டு மனைவி, கணவருக்கு இந்தியக் குடியுரிமை: வசிப்பு நாட்களைக் கணக்கிடுவது எப்படி

கல்யாணமாகி ஏழு வருடம் முடிந்துவிட்டது, இனி விண்ணப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறையப் பேர். சட்டம் கல்யாணத்துக்கு எத்தனை வயது என்று கேட்கவில்லை. இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த வெளிநாட்டவர் இந்த மண்ணில் எத்தனை நாள் இருந்தார் என்றுதான் கேட்கிறது. அந்த நாட்களை விண்ணப்பத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது விண்ணப்பிக்கும் தேதியை. ஆவணங்களைச் சேர்க்கும் வேலை அதற்குப் பிறகு.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு, இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டுகள் இங்கே வழக்கமாக வசித்திருக்க வேண்டும் என்கிறது. அந்த ஏழு எப்படி வருகிறது என்பது அதன் விளக்கக் குறிப்பில் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் முழுவதும் இந்தியாவில் இருக்க வேண்டும். அந்த 12 மாதத்துக்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் மொத்தம் ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். ஆக, கணக்கு ஒன்பது ஆண்டுகளைத் தொடுகிறது.

ஓர் உதாரணம். 1 ஜூன் 2026 அன்று விண்ணப்பம் போடுவதாக வைத்துக்கொள்வோம். 1 ஜூன் 2025 முதல் 31 மே 2026 வரை கடைசிப் பன்னிரண்டு மாதம். 1 ஜூன் 2017 முதல் 31 மே 2025 வரை எட்டு ஆண்டு. இடையில் 2020, 2024 என இரண்டு லீப் ஆண்டுகள் வருவதால் எட்டு ஆண்டுக்கு 2922 நாள். ஆறு ஆண்டுக்கு 2192 என்று வைத்துக்கொண்டால் பத்திரம். அதாவது எட்டு ஆண்டுகளில் வெளிநாட்டில் கழிக்கக்கூடியது 730 நாள்.

730 தாராளமாகத் தெரியும், ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும். பிரான்சின் லியோனில் 14 மாதப் படிப்பு என்றால் சுமார் 425 நாள். மற்ற ஏழு வருடமும் கிறிஸ்துமஸை ஒட்டி ஆறு வாரம் பிறந்த வீட்டுக்குப் போனால் 294 நாள். மொத்தம் 719. மிச்சம் 11 நாள்தான். தாயின் அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் போய் வந்தால் கணக்கு உடைந்துவிடும்.

கொரோனா காலத்தில் வெளியே மாட்டிக்கொண்டவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். 23 மார்ச் 2020 முதல் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றன. வழக்கமான சேவை 27 மார்ச் 2022-இல்தான் திரும்பியது. அந்தச் சமயத்தில் பாரீஸிலோ கொழும்பிலோ கோலாலம்பூரிலோ இருந்த நாட்களுக்குச் சட்டத்தில் தனிச் சலுகை கிடையாது, அவையும் இல்லாத நாட்களே. 2020-இல் வெளியே கழிந்த ஒவ்வொரு நாளும் 2029-இல் அதே தேதிவரை கணக்குக்குள் நிற்கும். அதே சமயம், விண்ணப்பத் தேதியைத் தள்ளிப்போட்டால் பழைய வெளிநாட்டு நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து விழும். நாலு மாதம் பொறுத்தாலே 2017-இல் போன ஒரு நீண்ட பயணம் வெளியே போய்விடலாம். அவசரப்பட்டுக் குறைவான கணக்கோடு போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசிப் பன்னிரண்டு மாதம்தான் கறார். இதில் 730 மாதிரி சேமிப்பு எதுவும் இல்லை, 'முழுவதும்' என்றால் முழுவதும்தான். 5(1ஏ) பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: சிறப்புச் சூழ்நிலை இருப்பதாகத் திருப்தி அடைந்தால் மத்திய அரசு அதை எழுத்தில் பதிந்து, அதிகபட்சம் 30 நாள் வரை தளர்த்தலாம், அது பல தவணையாகவும் இருக்கலாம். இதை உரிமையாக எண்ணி, 'முப்பது நாள் லீவு இருக்கிறது' என்று டிக்கெட் போடுவது தவறு. தருவதும் மறுப்பதும் அவர்கள் கையில். திட்டமிடும்போது பூஜ்யம் என்றே வையுங்கள். சாவு, தீவிர நோய் என்று போயே ஆக வேண்டியிருந்தால் போகத்தான் வேண்டும். அப்போது இறப்புச் சான்று, மருத்துவமனைக் காகிதம், போய் வந்த போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, விண்ணப்பத்தோடு தளர்த்தக் கோரும் கடிதத்தையும் இணையுங்கள். முப்பதைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்த நாளிலிருந்து புதிதாகப் பன்னிரண்டு மாதம் எண்ணுவதைத் தவிர வழியில்லை.

கணக்கு எழுதும் முறை

எக்செல் தாளோ பள்ளிக்கூட நோட்டோ, எதுவானாலும் சரி. நான்கு பத்தி போதும்: புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, வெளியே இருந்த நாட்கள், முத்திரை உள்ள பாஸ்போர்ட் எண்ணும் பக்கமும். புறப்பட்ட நாள், வந்து இறங்கிய நாள் இரண்டையும் வெளியே இருந்ததாகவே எண்ணுங்கள். அப்படி எண்ணியும் தேறினால் யாரும் குறை சொல்ல முடியாது.

டிக்கெட்டை நம்பி எழுதக் கூடாது. சென்னையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் விமானங்களுக்குக் குடியேற்ற முத்திரை முந்தைய நாள் இரவே விழுந்துவிடும். டிக்கெட்டில் ஒரு தேதி, பாஸ்போர்ட்டில் ஒரு தேதி. முத்திரைதான் கணக்கு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் போய்வரும் இலங்கைக்காரர்களுக்கும் அதே விதி, துறைமுக முத்திரையைப் பாருங்கள். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் அந்தப் பயணத்தின் போர்டிங் பாஸை அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள், அந்தத் தாளின் மை சில மாதத்தில் வெளுத்துப்போகும்.

ஒன்பது ஆண்டில் பாஸ்போர்ட் ஒரு முறையாவது மாறியிருக்கும். புதுப்பிக்கும்போது பழையதை ரத்து செய்து திருப்பித் தரும்படி கேளுங்கள். தர மறுப்பார்கள் என்று தெரிந்தால், கொடுப்பதற்கு முன் வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் வண்ணத்தில் நகல் எடுங்கள். பழைய பாஸ்போர்ட் தொலைந்தவர்களுக்குத்தான் இந்த வேலை பெரும்பாடு.

இருந்த நாட்கள் சட்டப்படி இருந்த நாட்களாகவும் இருக்க வேண்டும். இந்தியரை மணந்தவர்களுக்கு உரியது எக்ஸ் வகை நுழைவு விசா. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்து தங்குபவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இப்போது பதிவு, நீட்டிப்பு, முகவரி மாற்றம் மூன்றும் அந்த அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ (e-FRRO) இணையதளம் வழியாகவே நடக்கின்றன. விசா முடிந்த பிறகும் அனுமதியின்றித் தங்கியவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறைக்குள் சட்டம் வைக்கிறது, அப்படிப்பட்டவருக்கு 5-ஆம் பிரிவின் கதவு மூடியது. நீட்டிப்பு மனுவை விசா முடிவதற்கு முன்பே போட்டு, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். இடையில் பத்து நாள் இடைவெளி இருந்தாலும் அது எப்படி முறைப்படுத்தப்பட்டது என்பதற்கான உத்தரவு கையில் இருக்க வேண்டும். இலங்கை அகதிகள் முகாமில் பதிந்திருப்பவர்களின் நிலை தனி. அவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து விண்ணப்பிக்காமல் வழக்கறிஞரிடம் போவதே சரி.

ஓசிஐ அட்டை வழியாக

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி இது. இந்தியரை மணந்து, திருமணம் பதிவாகி, இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருந்தால் வெளிநாட்டுத் துணைக்கு ஓசிஐ (OCI, 'கடல்கடந்த இந்தியக் குடிமகன்') அட்டைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வரும். பாகிஸ்தான், வங்கதேசப் பின்னணி உள்ளவர்களுக்குக் கிடையாது. அட்டைதாரராகப் பதிவாகி ஐந்து ஆண்டு ஆனவர், விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் இந்தியாவில் வசித்திருந்தால் 5(1)(ஜி) பிரிவில் கேட்கலாம். இங்கே அந்த எட்டு ஆண்டுக் கணக்கு இல்லை. சிங்கப்பூரிலோ பிரான்சிலோ கணவரோடு சில காலம் இருந்துவிட்டு முத்தியால்பேட்டைக்கோ நெய்வேலிக்கோ திரும்பி வந்தவர்களுக்கு இதுதான் பொருந்தும். கல்யாணத்துக்கு முன்பே மாணவர் விசாவில் வந்து, பல ஆண்டாக இங்கேயே இருப்பவருக்கு 5(1)(சி) முந்திக்கொள்ளலாம். இரண்டையும் தாளில் போட்டுப் பார்த்து, எது முன்னால் வருகிறதோ அதை எடுங்கள். ஐந்து ஆண்டை எண்ண வேண்டியது ஓசிஐ பதிவுத் தேதியிலிருந்து, அதற்கு மனுப்போட்ட தேதியிலிருந்து அல்ல.

ஓசிஐ வைத்திருப்பவர் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. அது வசதிதான், ஆனால் வருடாவருடம் சேரும் பதிவுக் காகிதங்கள் அவரிடம் இருக்காது. அவர் வசிப்பை நிரூபிக்க மற்ற சான்றுகளை முன்கூட்டியே சேர்க்க வேண்டும்: கூட்டு வங்கிக் கணக்கின் அறிக்கை, இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், மருத்துவமனைச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக் காகிதம். முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே வசித்த வெளிநாட்டவருக்கு ஆதாரும் கிடைக்கும். அது குடியுரிமைச் சான்று ஆகாது, முகவரிக்குத் துணைநிற்கும். வாடகை ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் நம்மூர் வழக்கத்தில் நடுவில் ஓரிரு வருடம் எழுதாமல் விடுபடும். வீட்டுக்காரர் நல்லவர் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

எந்தக் கலெக்டர்?

விண்ணப்பத்தைக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். எந்த மாவட்டக் கலெக்டர் என்பது வேறு ஊர்க்காரர்களுக்குக் கேள்வியே இல்லை. இங்கே கேள்விதான். புதுச்சேரியின் எல்லை தமிழ்நாட்டு ஊர்களுக்குள் துண்டு துண்டாகச் செருகியிருக்கிறது. கோட்டக்குப்பத்தில் வீடு என்றால் விழுப்புரம் மாவட்டம், அதற்கு வடக்கே காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில். பாகூர், கிருமாம்பாக்கம் புதுச்சேரி, இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கடலூர். காரைக்காலுக்குத் தனிக் கலெக்டர். கடிதத்தில் 'பாண்டிச்சேரி' என்று எழுதிப் பழகிய முகவரி எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் வழுதாவூர் சாலையில் உள்ள வருவாய் வளாகத்துக்கும், கடலூரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகும் கோப்புகள் வேறு வேறு அரசு வழியாக டெல்லிக்குப் போகின்றன. கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் புதுச்சேரி–கடலூர் எல்லையில் உள்ள கன்னியக்கோயிலைத் தாண்டி வீடு மாற்றாமல் இருந்தால் நல்லது. மாற்றினால் வசிப்பு உடையாது, இரண்டும் இந்தியாதான். ஆனால் பதிவு முகவரியைத் திருத்தி, காவல்துறைச் சரிபார்ப்பைப் புது ஊருக்கு இழுத்துவரும் வேலை சேரும்.

விண்ணப்பத்தை உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் நிரப்ப வேண்டும். 5(1)(சி)-க்குப் படிவம் 3, 5(1)(ஜி)-க்குப் படிவம் 7. அச்செடுத்த பிரதியையும் ஆவணங்களையும் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். படிவம் 3-உடன் வைக்க வேண்டியவை: வெளிநாட்டுப் பாஸ்போர்ட் நகல், வசிப்பு அனுமதி நகல், இந்தியத் துணையின் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்று, பதிவாளர் கொடுத்த திருமணச் சான்று, கட்டணம் செலுத்திய ரசீது. கோயிலிலோ சர்ச்சிலோ கொடுத்த திருமணச் சான்று மட்டும் போதாது. ஒருவர் இந்து அல்லாதவராக இருந்து இன்னும் பதியாமல் இருந்தால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான் நேர்வழி. அதில் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு, அதையும் நாட்காட்டியில் சேருங்கள்.

நம் ஆட்களின் இனிஷியல்தான் இங்கே பெரிய தொல்லை. திருமணச் சான்றில் 'ரா. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் ராமசாமி', மனைவியின் ஓசிஐ கோப்பில் வெறும் 'முருகன்' என்று இருந்தால் மூன்று ஆட்களாகத் தெரியும். மூன்று பெயரும் ஒருவருடையதே என்ற பிரமாணப் பத்திரத்தை விண்ணப்பத்துக்கு முன்பே நோட்டரியிடம் வாங்கி வையுங்கள். முடிந்தால் சான்றையே திருத்திவிடுங்கள்.

கலெக்டர் 60 நாளுக்குள் அறிக்கையோடு மாநில அரசுக்கோ ஒன்றியப் பிரதேச நிர்வாகத்துக்கோ அனுப்ப வேண்டும், அவர்கள் அடுத்த 30 நாளுக்குள் டெல்லிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். கோப்பு நிலுவையில் இருக்கும்போது விசாவோ வசிப்பு அனுமதியோ காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விசாரணைக்குக் காவலர் வரும் மாதங்களில் ஊரில் இருங்கள். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு 'முகவரியில் இல்லை' என்று எழுதிவிட்டால், ஒன்பது ஆண்டுக் கணக்கும் சரியாக இருந்தும் கோப்பு அதே இடத்தில் நின்றுவிடும்.

சொந்த நாட்டுக் குடியுரிமையை முன்கூட்டியே துறந்துவிடாதீர்கள். அமைச்சகத்தின் ஏற்புக் கடிதம் வந்த பிறகு, அதில் கேட்டபடி துறந்த சான்றைக் கொடுத்து, விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். பதிவுச் சான்று அதன் பின்னரே. முன்பே துறந்தால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் மாதக்கணக்கில் நிற்க நேரும். பிரெஞ்சுக்காரர்களுக்கு இதில் ஒரு கெடு உண்டு. அவர்களுடைய சிவில் சட்டத்தின்படி குடியுரிமையைக் கைவிடும் அறிவிப்பை இந்தியாவில் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே கொடுக்கலாம். இந்தியக் குடியுரிமை கிடைத்து ஓராண்டு கடந்துவிட்டால் அந்த வழியில் கொடுக்க முடியாது. ஏற்புக் கடிதம் கைக்கு வந்ததும் புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தில் அதற்கான நேரம் கேட்டுவிடலாம்.